களத்தில் காய்ந்த தோட்டாக்கள்

போன ஆவணியில் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம். என் மகளோடு வேலை பார்க்கிறவர் வீட்டு விசேஷம் என்பதால் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னை உற்றுப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மிராசுதாரின் மருமகள். இப்போது மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாராம். மாமனார், மாமியார் காலமெல்லாம் பேசிவிட்டு, "உங்களையெல்லாம் எங்க வீட்டுல வேத்து மனுஷங்களாவா நடத்துனோம்? குடும்பத்துல ஒருத்தராத்தான வச்சிருந்தோம்" என்றார். இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்தது. அதைத் தொடாமலே இலையை மடித்துவிட்டேன்.

சபையில் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருத்தியாக நான் அந்த வீட்டுக்குச் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். எங்கள் தெருவைச் சுடுவதற்காக அவர்கள் வாங்கிய தோட்டாக்களை வெயிலில் காயவைத்து, நல்லது வேறு கெட்டது வேறாகப் பொறுக்கிக் கொடுத்தவள் நான்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அந்தக் கரையில் எல்லாம் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. இந்தக் கரையில் எல்லாம் மண்சுவர், கீற்று. வாக்கப்பட்டு வந்த நாள் முதல் நான் மிராசுதார் வீட்டுக் கொல்லையில் வேலை பார்த்தேன். மாட்டுக்கொட்டகை கூட்டுவேன், சாணி அள்ளுவேன், களம் பெருக்கி மெழுகுவேன். காயவைக்கிற வேலை முழுக்க என்னுடையது. நெல், உளுந்து, பயறு, எள், எது வெயில் பார்க்க வேண்டுமென்றாலும் "ஏ புள்ள" என்று உள்ளிருந்து குரல் வரும். காய்ந்ததை மூட்டை கட்டிக் கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. தாகம் என்றால் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும், மேலே இருந்து ஊற்றுவார்கள். ஒருமுறை காற்றில் என் முந்தானை பறந்து கொல்லை வாசலில் இருந்த குடத்தில் பட்டுவிட்டது. அந்தக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, பிறகும் திருப்திப்படாமல் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற குடமாக மாற்றிவிட்டார்கள். குடும்பத்தில் ஒருத்தியாம்!

சென்னையில் அப்போது ஆட்சி மாறியிருந்தது. எங்கள் தெருவில்கூட வெடி போட்டார்கள். மேடைக்கு மேடை அழகான தமிழில் பேசினார்கள். உழுகிறவனைப் பற்றி அடுக்கடுக்காக, கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருந்தது. கூலி மட்டும் பழைய தமிழிலேயே இருந்தது. மிராசுதார் அதுவரை கதர்த் துண்டு போட்டவர். ஆட்சி மாறிக் கொஞ்ச நாளில் கரை போட்ட துண்டுக்கு மாறிக்கொண்டார். துண்டு மாறியதே தவிர தோள் மாறவில்லை. தாசில்தார் வந்தாலும் போலீஸ் வந்தாலும் முதல் காப்பி அவர் வீட்டில்தான்.

எங்கள் தெருவில் சங்கக் கொடி ஏற்றியது என் வீட்டுக்காரர். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், வெளியூர் ஆட்களை இறக்கி எங்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது, இவ்வளவுதான் கேட்டார்கள். மிராசுதார்களும் ஒன்று கூடித் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். சுற்று வட்டாரத்தில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் தை அறுப்புக்கு என்ன ஆகுமோ என்று இரண்டு கரையிலும் பேச்சு. மிராசுதார் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்வதை விட்டுவிட்டார். "அந்தக் கொடிக்காரப் பய" என்றுதான் சொல்வார், அதையும் என் எதிரிலேயே சொல்வார்.

அந்தக் கார்த்திகையில் அவர் வீட்டுக்கு ஒரு ரைபிள் வந்தது. அதற்கு முன்பே அவரிடம் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு கோடியக்கரைப் பக்கம் உள்ளான், நாரை சுடப் போவார். புதிதாக வந்தது வேறு சாதி. மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். அதற்கு மிராசுதார் பெயரில் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸும் வாங்கிவிட்டார்கள். ஒரு தடவை தோட்டாக்களை அடைத்துவிட்டால் போதும், விசையை இழுக்க இழுக்க அதுவே அடுத்த தோட்டாவை எடுத்துக்கொள்ளும் என்று காரியக்காரர் எங்களிடம் பெருமை அடித்துக்கொண்டார். காரியக்காரர் என்றால் மிராசுதாரின் வேலைகளை மேற்பார்க்கிறவர். வெள்ளைக்காரன் காலத்து உலகச் சண்டைக்குப் போய்விட்டு வந்த பட்டாளத்துக்காரர். பறவை சுடுவதற்கு இப்படி ஒன்று எதற்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ரைபிளுக்குத் தோட்டா வாங்க மிராசுதாரும் காரியக்காரரும் வெளியூர் போனார்கள். திரும்பி வந்தபோது வண்டியில் பச்சை வர்ணம் அடித்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கென்று செய்து, சண்டை முடிந்து, மிஞ்சிப்போய் எங்கெங்கோ கிடந்து கைமாறி வந்த சரக்கு. அடைமழை நேரத்தில் வந்த பெட்டி. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்தார்கள். மார்கழியில் மழை விட்டதும் திறந்து பார்த்தால் உள்ளே போட்டிருந்த துணி ஊறி, பூஞ்சை வாடை அடித்தது. சில தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

"களத்துல போட்டு ரெண்டு வெயில் காட்டு" என்றார் மிராசுதார்.

காரியக்காரர் தலையைச் சொறிந்தார். "இதை வெயில்ல போடக் கூடாதுங்க. துடைச்சு வச்சாப் போதும்."

"எங்க அப்பா ரெட்டைக்குழல் தோட்டாவ வருஷா வருஷம் மழை விட்டதும் களத்துலதான்யா காயப் போடுவாரு."

"அது காயிதத் தோட்டாங்க. ஈரத்துக்கு ஊதிக்கும். இது பித்தளை."

"நெல்லுக்கே வெயில் வேணும்ங்குறப்ப மருந்துக்கு வேணாமா? போய்யா."

காரியக்காரர் சம்பளத்துக்கு இருப்பவர். வாயை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எதற்கு என்ன வந்தாலும் வெயிலில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. விதை நெல்லுக்கு வெயில், கல்யாணப் பட்டுக்கு வெயில், குழந்தைக்கு வெயில். அந்த வழக்கத்தில் தோட்டாவுக்கும் வெயில்.

காயவைப்பது என்று முடிவானதும் அது யார் வேலை என்பதில் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு நிமிஷ யோசனைகூட வரவில்லை. மிராசுதார் சம்சாரம் கொல்லைக் கதவில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, இஞ்ச வா. இதக் களத்துல பரப்பு. காக்கா கீக்கா தூக்கிட்டுப் போயிடாமப் பாத்துக்க. சாயங்காலம் கூட்டி அள்ளி வச்சிடு" என்றார். உளுந்துக்குச் சொல்கிற அதே குரல். என் முந்தானை பட்ட குடத்தை வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியவர், என் கை பட்ட தோட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை. எனக்கு அன்றைக்கே அது உறுத்தியது. தீட்டு குடத்துக்குத்தான் ஒட்டும் போலிருக்கிறது.

பழைய கோணிகளை விரித்துப் பரப்பினேன். காரியக்காரர் வந்து பொறுக்கும் முறை சொல்லிக் கொடுத்தார். களிம்பு ஏறியது, நசுங்கியது, கழுத்தில் கீறல் விட்டது, மூக்கு ஆடுவது எல்லாம் ஒரு பக்கம். ஒழுங்காக இருப்பது இன்னொரு பக்கம். ஒழுங்கானது மட்டும்தான் ரைபிளுக்குப் போகும். மற்றதைப் போட்டால் நடுவில் சிக்கிக்கொள்ளும் என்றார். விதை நெல்லில் கருக்காய் பொறுக்கிப் பழகிய கை எனக்கு. முறத்தில் அள்ளி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, திருப்பிப் பார்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று போட்டுக்கொண்டிருந்தேன். காட்டுப்பன்றிக்கோ எதற்கோ என்று ஒரு நினைப்பு. எங்கள் வட்டாரத்தில் காட்டுப்பன்றி ஏது? வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்கிறவளுக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அன்று உச்சிவேளையில் பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவர் வந்தார். இருவரும் களத்துக்கே வந்து, வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். என் முறத்துக்கு நான்கு முழம் தள்ளி. வந்தவர் என் முறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, கடையில புதுச் சரக்கு கிடைக்கலையா? இந்தப் பழசப் போய் வாங்கியிருக்கீங்க" என்றார்.

மிராசுதார் காரியக்காரரைப் பார்த்து, சொல்லு என்பது போலத் தலையசைத்தார். காரியக்காரர் மடியிலிருந்து ஒரு கடைத் தோட்டாவை எடுத்தார். என் முறத்திலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கடைத் தோட்டாவின் மூக்கு ஈயம். மற்றது மூக்கு வரைக்கும் செம்பு மூடியது.

"இது வேட்டைக்குச் செஞ்சதுங்க. எதுலயாவது பட்டுச்சுன்னா நசுங்கிப் பரந்துடும். மண்செவுத்துல பட்டா அதுலயே நின்னுடும். இது பட்டாளத்துச் சரக்கு. நிக்காது."

"மண்செவுரு தாங்குமா?"

"ஒரு செவுரு என்னாங்க, அந்தப் பக்கத்துச் செவுத்தையும் தாண்டிடும்."

வந்தவர் சிரித்தார். "அப்ப கதவத் தட்ட வேண்டிய வேலை இல்ல."

எங்கள் மிராசுதார் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதுக்குத்தான் இதப் பாத்து எடுத்தது. அறுப்புக்கு ஆள் இறக்குறப்ப அந்தக் கொடிக்காரப் பய வீட்டுக்குள்ள பூந்துக்கிட்டான்னா?" என்றார்.

ஊரில் மண்சுவர் எங்கே இருக்கிறது? செங்கல் வீட்டுக்காரர்கள் கேட்கட்டும், நான் சொல்கிறேன். கோவிலுக்கு இல்லை. அக்கிரகாரத்துக்கு இல்லை. கடைத்தெருவுக்கு இல்லை. அவர் வீட்டு மாட்டுக்கொட்டகைகூடச் செங்கல். மண்சுவர் எங்கள் தெருவில் மட்டும்தான் இருந்தது. கொடிக்காரன் வீட்டுச் சுவர் நான் மிதித்துக் குழைத்து, நான் வைத்து, நான் மெழுகிய சுவர். அதைத் துளைக்க எது நல்லது என்று கடை கடையாய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வில் இன்னும் நல்லதாகத் தேர்ந்தெடுக்கிற வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒளிந்து கேட்கவில்லை. அவர்களும் குரலைத் தாழ்த்தவில்லை. வண்டி மாட்டின் எதிரில் அதை விற்பதைப் பற்றிப் பேசுவோமே, அப்படிப் பேசினார்கள். நான் கொடிக்காரன் பெண்டாட்டி என்பது அவர்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாதது சுடத் திட்டம் போட்டதுகூட இல்லை. பகைவன் என்றால் சுடத்தான் பார்ப்பான். என்னைப் பகையாளியாகக்கூட மதிக்கவில்லையே, அதுதான். காதும் மனசும் உள்ள ஒருத்தி அந்த முறத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே இல்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அறுப்புக் கூலி பத்தி நாளைக்குத்தான் தாலுகா ஆபீஸுல பேச்சு" என்றார். "பறவை சுடுற ரெட்டைக்குழலத் தவிர எங்க பக்கம் ஒண்ணுமில்லன்னு போன பேச்சுலயே மிராசுதாரு சொல்லிட்டாரு. அருவா வச்சிருக்கவன் நாமதானாம். நம்ம தெரு மேலதான் போலீஸ் காவல் போடணுமாம்."

"நீங்க சொல்லுங்க, ரைபிள் இருக்குன்னு."

"நீ சொல்றத நான் நம்புறேன். அந்த அதிகாரி நம்பணுமே. வாயாலச் சொன்னா எவன் கேப்பான்?"

"கையாலக் காட்டுனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணாம். எடுத்தியன்னா திருடின்னுவான். ஜெயிலுக்குப் போவ."

"போகாம இஞ்சயே இருந்தா செவுத்தோட போவோம்" என்றேன்.

மறுநாள் இரண்டாம் வெயில். வழக்கம் போலப் பரப்பினேன். பொறுக்கினேன். வெயில் ஏறியதும் ஒழுங்கானவை கிடந்த பக்கத்திலிருந்து ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்தேன். களிம்பு ஏறியதைக் கொண்டுபோனால் பழைய பித்தளை, பாத்திரக்காரனுக்குப் போட வைத்திருந்தோம் என்று சொல்லிவிடுவார்கள். கோணியை அப்படியே விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். காக்கை தூக்கினால் தூக்கட்டும். இடுப்பில் அந்த முடிச்சு அடிக்கு அடி இடித்துக்கொண்டே வந்தது. பயமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் பயத்தை விடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது, அது என் காலை இழுத்துக்கொண்டு போனது.

தாலுகா ஆபீஸில் மேஜைக்கு ஒரு பக்கம் மிராசுதார்கள் நாற்காலியில் இருந்தார்கள். காரியக்காரர் பின்னால் நின்றார். எங்கள் ஆட்களுக்கும் பெஞ்சு போட்டிருந்தார்கள், புது ஆட்சி அல்லவா. ஆனால் என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் அதில் உட்காரத் துணியவில்லை. நடுவில் அதிகாரி. மிராசுதார் அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு அவங்க மேல என்னாங்க கோவம்? எங்க புள்ளைங்க மாதிரி. வெளியேர்ந்து வர்றவன் தூண்டிவிடுறான். அவங்க உசுருக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதேன்னுதான் எங்க கவலை."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். வாசலில் இருந்த சேவகர் "ஏய், எங்க போற" என்று கையை நீட்டினார். அவரைத் தாண்டிப் போய் அதிகாரியின் மேஜை மேல் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினேன். அவருடைய காகிதங்களுக்கு நடுவில் அவை உருண்டன. ஒன்று கீழே விழுந்து மிராசுதார் நாற்காலிக்கு அடியில் போனது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"தோட்டாங்க. பட்டாளத்துத் தோட்டா. மண்செவுத்துல நிக்காதாம். அறுப்புக்கு எங்க தெருவுக்குன்னு வாங்குனது."

"உனக்கு ஏது?"

"ஆண்டை வீட்டுக் களத்துலேர்ந்து எடுத்தாந்தேன். நான்தான் நேத்தும் இன்னைக்கும் காயவச்சேன். பெட்டி நிறைய இருக்கு. ரைபிளும் இருக்கு. போய்ப் பாருங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மிராசுதார் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. பிறகு மிக நிதானமாகச் சொன்னார். "திருடியிருக்கா பாருங்க. லைசென்ஸுள்ள சாமானத் திருடியிருக்கா. இவங்களுக்கு எதுக்குத் தோட்டா? கேளுங்க."

அவ்வளவு பேர் பார்த்துவிட்டதால் அதிகாரிக்கு வேறு வழியில்லை. பதற்றமான நேரம் என்று சொல்லி, அறுப்பு முடிகிற வரைக்கும் ரைபிளையும் பெட்டியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு போட்டார். போலீஸ்காரர்கள் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பேச்சு மறுபடியும் தொடங்கியது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் அந்தத் தையில் எங்கள் ஊரில் வெளியூர் ஆள் இறங்கவில்லை. ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. எங்கள் சுவர் நின்றது. சுவருக்குள் என் வீட்டுக்காரர் இருந்தார். நான்தான் இல்லை.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். தோட்டா வாங்கியவர் வீட்டில் இருந்தார், அவர் கொடுத்த திருட்டுப் புகாரில், அதைக் கொண்டுவந்து காட்டிய நான் சப்-ஜெயிலில் இருந்தேன். ராணுவத் தோட்டாக்களைத் திருடிச் சட்டவிரோதமாகக் கைவசம் வைத்திருந்த குற்றமாம். எங்கள் தெருவே அறுத்துக்கொண்டிருந்தபோது நான் கம்பிக்குள் உட்கார்ந்து, அந்தத் தை முழுக்க வைக்கோல் வாடைகூட இல்லாமல் கழித்தேன். ஜாமீனில் வெளியே வந்தபோது வயலில் தாள்தான் மிச்சம்.

பிறகு கோர்ட்டுக்கு இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒரு வழியாக விசாரணை வந்தது. முதல் சாட்சி காரியக்காரர். வேலிக்கு ஓணான் சாட்சி. உள் அறையில் பூட்டி வைத்த பெட்டியிலிருந்து நான் திருடினேன் என்றார். களத்தில் காயவைத்ததே கிடையாது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது. வெயிலில் போடக் கூடாது என்று அன்றைக்கு அவர் சொன்னது உண்மைதானே.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். காயவைக்கக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அரசாங்க வக்கீல் கோர்ட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "தோட்டாவை யாராவது காயவைப்பாங்களா? அதுவும் பண்ணை வேலை பாக்குற ஒரு பொம்பளைகிட்டக் கொடுத்து? இது என்ன உளுந்தா, பயறா?"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னது முழு உண்மை. அது உண்மையாக இருக்க முடியாத அளவுக்கு அவர்கள் செய்த காரியம் அசிங்கமாக இருந்தது. அதற்கும் தண்டனை எனக்கே. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

அடுத்து மிராசுதார் சம்சாரம் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். என்னைப் பார்க்காமலே பேசினார். "இவ எங்க கொல்லைக் கதவத் தாண்டி வந்தது கிடையாது. எங்க சாமான் ஒண்ணையும் இவங்க கை பட விடமாட்டோம். அது எங்க வழக்கம். தண்ணிகூட மேலேர்ந்துதான் ஊத்துவோம். இவகிட்டப் போய் நான் எதக் கொடுக்கப் போறேன்?"

பெருமையாகத்தான் சொன்னார். அவர் தலைக்கு மேல் சுவரில் தீண்டாமை குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. காத்திருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டியிருந்தார். ஒரு பெண்மணி சாட்சிக் கூண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தான் செய்கிற குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறார். அதை நல்ல சாட்சியம் என்று எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் பேனாவும் நிற்கவில்லை.

எங்கள் சங்க வக்கீல் ஒல்லியான மனிதர். பெரிதாகக் குரல் எழுப்பத் தெரியாது. மெதுவாக எழுந்து இரண்டே கேள்வி கேட்டார். கொல்லைக் கதவையே தாண்டாதவள் உள் அறைப் பூட்டைத் திறந்து எப்படித் திருடினாள்? அந்த அம்மா மிராசுதார் பக்கம் திரும்பினார். பிறகு சாட்சிக்கு வந்த மிராசுதாரிடம், பெட்டியில் மொத்தம் எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் லைசென்ஸில் அனுமதித்த அளவுக்கு மேல் வாங்கியது வெளியே வந்துவிடும். "எண்ணிப் பாக்கலீங்க" என்றார். எவ்வளவு இருந்தது என்றே தெரியாதவர் எது திருடு போனது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டுவிட்டு வக்கீல் உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பு அன்று சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள், எந்தச் சுவருக்கு வாங்கினார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சந்தேகம் எல்லாம் அவர்களுக்குத்தான். அதன் பலன் மட்டும் எனக்காம். என் வீட்டுக்காரர் கும்பிட்டார். வக்கீல் என்னையும் கும்பிடச் சொன்னார். கையைத் தூக்கினேன். மாஜிஸ்திரேட் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.

வழக்குச் சொத்தாகிய தோட்டாக்கள் லைசென்ஸ்தாரரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும் என்று வாசித்தார்.

நான் கொண்டுபோய்க் கொட்டிய அதே தோட்டாக்கள், ஒரு துணிப் பையில் அரக்கு முத்திரை வைத்து மேஜை மேல் இருந்தன. அறுப்பு முடிந்ததுமே ரைபிளும் பெட்டியும் அவர் வீட்டுக்குப் போய்விட்டன. இப்போது இதுவும் போகிறது. குமாஸ்தா பையை எடுத்து நீட்டினார். காரியக்காரர் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த தை அறுப்புக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்தது.

கும்பிடத் தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. "ஐயா" என்றேன். வக்கீல் போதும் என்று கையைக் காட்டினார். நான் நகரவில்லை.

"என்னம்மா? அதான் விடுதலை ஆயிட்டியே?"

"ஐயா, நான் எப்படி எடுத்தேன்னு இவ்வளவு நாளாக் கேட்டீங்க. அத யாரச் சுட வாங்குனாங்கன்னு ஒருத்தரும் கேக்கலீங்களே?"

மாஜிஸ்திரேட் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது இந்த வழக்குல இல்லம்மா."

"அப்ப எந்த வழக்குலங்க வரும்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தார். டவாலிச் சேவகர் வாசலுக்குப் போய் அடுத்த வழக்குக்காரரின் பெயரைக் கூவினார்.